என் காருக்கு ரத்தம் எடுத்த ரத்தக்கா

சேலம் அஸ்தம்பட்டியில் உடம்பில் ரத்தம் ஓடுகிற எவரும் ரத்தக்காவிடமிருந்து தப்பியதில்லை. எங்கள் தெருவில் கொசுக்களுக்கே அவருக்கு அடுத்த இடம்தான்.

நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழ்த்தளத்தில் அவருடைய ரத்தப் பரிசோதனை நிலையம். முன்னறையில் நாலைந்து நாற்காலிகள், உள்ளறையில் ஒரு மைக்ராஸ்கோப், ஒரு குளிர்பதனப் பெட்டி, சோதனைக் குழாய்களைச் சுற்றிவிடும் ஒரு மெஷின். வாசல் போர்டில் அவருடைய முழுப்பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. தெருவுக்கே அவர் ரத்தக்காதான். நேரிலேயே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் உள்ளிருந்து, “வாரேன், இருங்க” என்று குரல் கொடுப்பார்.

நல்ல உயரம். புடவைக்கு மேல் முழங்கால்வரை தொங்கும் வெள்ளைக் கோட்டு. அந்தக் கோட்டைக் கழற்றி அவரைப் பார்த்தவர் கிடையாது. கோயிலுக்கும் அதுதான், காய்கறிக் கடைக்கும் அதுதான். ஒருமுறை உளுந்து வாங்க மளிகைக் கடைக்குள் நுழைந்தார். சுகாதார ஆய்வுக்கு யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்த கடைக்காரர், முன்னால் இருந்த பிஸ்கட் பாக்கெட்டுகளை எல்லாம் இரண்டு கையாலும் வாரிக் கல்லாவுக்கு அடியில் தள்ளினார். அந்தக் கடையில் பிஸ்கட் வாங்குவதை நாங்கள் அன்றோடு நிறுத்தினோம்.

அவருக்கு யாராவது வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் வராது. கட்டைவிரல் வரும். நேராக நம் கன்னத்தில் ஊன்றிக் கீழ் இமையை இழுத்து உள்ளே பார்க்கும். சிவப்பாக இருந்தால் விட்டுவிடுவார். வெளுத்திருந்தால் அன்று நமக்கு வேறு வேலை கிடையாது. நாங்கள் குடிவந்த அன்றே நான் மாட்டினேன். பீரோவை முதுகில் ஏற்றிக்கொண்டு மாடிப்படியில் பாதி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

“தம்பி, அத எறக்கி வெச்சுப்போட்டு வாங்க. மொகம் வெளுத்துக் கெடக்குது.”

பீரோவைச் சுமக்கிற எவன் முகம்தான் சிவந்திருக்கும்? சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. பால் காய்ச்சுவதற்கு முன்னால் எங்கள் குடும்பம் முழுக்க ரத்தம் கொடுத்தது.

எங்கள் தெரு வங்கி அதிகாரியின் மகள் கல்யாணத்தில் நடந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. வரவேற்பு மேடையில் மணமக்களுக்குப் பரிசு கொடுக்கப் போன ரத்தக்கா, பெண்ணைப் பார்த்து ஒரு கணம் நின்றார். நான் கீழே இருந்து, “ஐயோ, வேண்டாம்” என்று முணுமுணுத்தேன். அதற்குள் கட்டைவிரல் கன்னத்துக்குப் போய்விட்டது. கண் மை, தங்க நிறப் பூச்சு எல்லாவற்றையும் தாண்டி இமை இறங்கியது. மாப்பிள்ளையின் அம்மா வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துவிட்டார். சரியாக அந்த நேரத்தில் போட்டோக்காரர் பிளாஷ் அடித்தார்.

“ஏனுங் கண்ணு, உங்கூட்டுல முருங்கக்கீரையே செய்ய மாட்டாங்களா?” என்று ரத்தக்கா மைக் பக்கத்திலேயே நின்று கேட்டார். மண்டபம் முழுக்கக் கேட்டது. அந்தப் படம் ஆல்பத்தில் முழுப்பக்கத்துக்கு இருக்கிறதாம்.

ஊசி போடுவதிலும் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. “எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்னு பொய் சொல்ல மாட்டனுங்க. வலிக்கும். கத்தோணும்னா கத்திக்குங்க” என்பார். அவர் சொன்னால் சொன்னதுதான். போலீஸ்காரர்கள் கத்துவதையும், உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர் “அம்மா” என்று அழைப்பதையும் மாடியிலிருந்து கேட்டிருக்கிறேன்.

இப்படிப்பட்டவருக்குப் பக்கத்தில் நான் ஒரு காரை நிறுத்தியதுதான் இந்தக் கதை.

எனக்கு நாமக்கல்லில் கூட்டுறவு அலுவலகத்தில் வேலை. போய்வர ஒரு பழைய டீசல் கார் வாங்கியிருந்தேன். ஒரு கோடையில் குடும்பத்தோடு ஏற்காடு ஏறும்போது, பாதி மலையில் தண்ணீர் கொதித்து, புகை கக்கி, எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. காரைக் கட்டி இழுத்துக்கொண்டு நாமக்கல்லில் என் நண்பன் தங்கராசுவின் ஷெட்டில் விட்டேன்.

தங்கராசு என்னோடு பள்ளியில் படித்தவன். லாரிப் பட்டறைகளுக்கு நடுவே ஷெட் போட்டிருந்தான். எஞ்சினை அக்கக்காகக் கழற்றித் திரும்பப் பூட்டுவதில் அந்த வட்டாரத்தில் பேர் வாங்கியவன். அவன் மனைவி செல்வி அதே ஷெட்டின் முன்பக்கத்தில் உதிரிபாகக் கடையைப் பார்த்துக்கொண்டாள். தங்கராசுவுக்கு அடக்கம் என்பது அறவே கிடையாது. “என்ர கண்ணக் கட்டி உட்டாலும் வெரல்ல தடவியே எஞ்சினப் பூட்டிருவன்டா மாப்ள” என்பான். அதை அவன் செய்தும் நான் பார்த்திருக்கிறேன். வேலை செய்யும்போது அவன் கண் எங்கேயோ வெறித்துக்கொண்டிருக்கும். விரல்கள்தான் எஞ்சினுக்குள் நடமாடும்.

அவன் என் எஞ்சினையும் பிரித்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றி, புதிதாகப் பூட்டிக் கொடுத்தான். சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை எடுத்தேன். வெண்ணெயில் கத்தி போவதுபோல் ஓடியது. எனக்குப் பரம சந்தோஷம். ஏனென்றால் இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையத்தில் என் தங்கைக்கு வளைகாப்பு. விழா முடிந்ததும் அவளைப் பிரசவத்துக்கு இந்தக் காரில்தான் சேலம் அழைத்துவருவதாக இருந்தேன்.

அதற்கு முந்தைய ஞாயிறு காலை, வாசலில் காரை நிறுத்தி, மூடியைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினேன். பின்னால் வெள்ளைக் கோட்டு வந்து நின்றது.

“என்னுங்க தம்பி அது, தெர்மாமீட்டரா?”

“இல்லீங்கக்கா, ஆயில் எவ்வளவு இருக்குன்னு பாக்கற கம்பி.”

“குடுங்க இக்கட்ட.”

என் கையிலிருந்து பிடுங்கி, கோட்டுப் பையிலிருந்து பஞ்சை எடுத்து, நுனியைத் துடைத்தார். பஞ்சோடு நடுத்தெருவுக்குப் போய் வெயிலில் நின்றார். அப்படியும் இப்படியும் திருப்பினார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார்:

“உங்க வண்டிக்கு என்னமோ இருக்குதுங்க. மின்னுது பாருங்க.”

போய்ப் பார்த்தேன். கருப்பு ஆயிலுக்குள் பொன்னிறத்தில் ஜிகினா தூவியதுபோல் மினுமினு என்று ஏதோ இருந்தது.  புது எஞ்சின். அதற்குள் எங்கிருந்து வந்தது இது?

“இருங்க, ரத்தம் எடுத்துப்போடலாம்” என்றார்.

யாருக்கு என்று கேட்பதற்குள் உள்ளே போய், குளுக்கோஸ் ஏற்றுகிற நீளமான குழாய் ஒன்றையும் பெரிய சிரிஞ்சையும் கொண்டுவந்தார். அந்தக் கம்பி இருந்த துளைக்குள் குழாயை விட்டு, சிரிஞ்சை மெதுவாக இழுத்தார். கருகருவென்று ஏறியது. அந்த நேரத்திலும் அவருடைய இடது கை என் காரின் மட்கார்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது. “அவ்வளவுதாங் கண்ணு, ஆச்சு” என்றார். மனிதர்களிடம் அவர் அவ்வளவு கனிவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

நிலையத்தின் முன்னறையில் மோகனூரிலிருந்து வந்த ஒரு கரும்பு விவசாயி, தன் ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காக உட்கார்ந்திருந்தார். ஆயிலைச் சோதனைக் குழாயில் ஊற்றி, அவர் முன்னால் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தபடி ரத்தக்கா உள்ளே நடந்தார். “இத்தன கருப்பா இருக்கக் கூடாதே. உள்ள எல்லாமே உரிஞ்சு போயிருக்கும்போல” என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார்.

விவசாயி எழுந்து நின்றார். “அம்மிணி... அது என்ர ரத்தங்களா?”

“பேசாத இருங்க. ரொம்ப மோசமா இருக்குது. எறக்கிப் பிரிச்சாத்தான் தெரியும்.”

விவசாயி நாற்காலிமேல் சாய்ந்து, அதோடு சேர்ந்து விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பி, அது டீசல் எஞ்சினின் ஆயில் என்று நான் சத்தியம் செய்து, காரின் மூடியைத் திறந்து காட்டிய பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. ரத்தக்கா எட்டிப் பார்த்து, “உங்க ரத்தம் நல்லாத்தான் இருக்குது சாமி. அந்தச் சர்க்கரைய மட்டும் ஆலைக்கே அனுப்பிப்போடுங்க, நீங்க திங்காதீங்க” என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தார்.

ஆயிலை மெஷினில் போட்டுச் சுற்றினார். அடியில் தங்கியதைப் பெட்ரோலில் கழுவி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சின்னச் சின்னச் செதில்கள். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையைப் பிடுங்கி, பக்கத்தில் காட்டினார். ஒன்றும் அசையவில்லை.

“இரும்பில்லீங்க.”

இதற்குள் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த என் மனைவி, “அப்ப தங்கமாக்கா?” என்று கேட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றும் கண்டதில்லை.

ரத்தக்கா எதையும் பாதியில் விடுகிறவர் இல்லை. அன்றே செவ்வாய்ப்பேட்டையில் அவருக்குத் தெரிந்த வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு அதை எடுத்துக்கொண்டு போனோம். பட்டறைக்காரர் செதில்களின் மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டார். எங்கள் தங்கம் பச்சையாகப் பொங்கிக் கரைந்துபோனது.

“தங்கமெல்லாம் இல்லம்மா. செம்பு கலந்த ஏதோ ஒண்ணு. எங்கேருந்து எடுத்தீங்க?”

“ஒரு நோயாளிகிட்ட இருந்து” என்றார் ரத்தக்கா. பட்டறைக்காரர் அதன்பிறகு எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து தங்கராசுவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொல்லி ரத்தக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

“புது எஞ்சின்ல கொஞ்சம் பொடி வரத்தான்டா செய்யும் மாப்ள” என்று சிரித்தான் தங்கராசு. “ஒண்ணோட ஒண்ணு ஒரசிப் பழகற வரைக்கும் அப்பிடித்தான். மொத ஆயில மாத்துனாப் போயிரும். யாரோ ரத்தம் எடுக்கற பொம்பள பேச்சக் கேட்டுட்டு...”

“ஏனுங்க, அந்தப் பொம்பளதான் பேசறனுங்க” என்றார் ரத்தக்கா. “பொடி வேற, செதில் வேறைங்க. பொடின்னா தேயுதுன்னு அர்த்தம். செதில்னா உரியுதுன்னு அர்த்தம். உங்க பிஸ்டன் போச்சு.”

தங்கராசுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “என்ர எஞ்சினுக்குக் கொற சொல்லோணும்னா நேர்ல வந்து சொல்லுங்க” என்று போனை வைத்துவிட்டான்.

எனக்கு இரண்டு பக்கமும் இடி. தங்கராசு என் நண்பன், அவன் வேலையை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. நன்றாக ஓடுகிற வண்டியை ஏன் கிண்ட வேண்டும் என்பது என் மனைவியின் கட்சி. தங்கம் பொய்த்துப்போன கோபம் வேறு. நானும் ஞாயிறு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். ரத்தக்கா கார் சாவியை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

“மாசமா இருக்கற புள்ளைய இதுல ஏத்திப்போட்டு, சங்ககிரிகிட்ட லாரிகளுக்கு நடுவால எஞ்சின் பூட்டிக்கிச்சுன்னா என்ன பண்ணுவீங்க? நா உசுரோட இருக்கற வரைக்கும் இந்த வண்டிய எடுக்க உடமாட்டனுங்க.”

அவர் விளையாட்டுக்குப் பேசவில்லை என்பது குரலில் தெரிந்தது. என் மனைவியும் அடங்கிவிட்டாள்.

மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு, காரை நாமக்கல்லுக்கு ஓட்டிப்போகலாம் என்றேன். “நடக்க முடியாத நோயாளிய நடத்தியா கூட்டிப்போட்டுப் போவாங்க?” என்று கேட்டு, பழுதான வண்டிகளை ஏற்றிச் செல்லும் ஒரு வேனை வரவழைத்தார். கார் வேனின் முதுகில் ஏறியது. முன்சீட்டில் வெள்ளைக் கோட்டோடு அவர். டிரைவருக்கும் அவருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நான்.

ராசிபுரம் தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் ஒருவர் ஓடிவந்தார். கோழிப்பண்ணைக்காரர். “டாக்டரம்மா, நல்ல வேளைங்க. ரெண்டு நாளா கோழியெல்லாம் தூங்கித் தூங்கி உழுவுது” என்றார். தான் டாக்டர் இல்லை என்று ரத்தக்கா சொல்வார் என எதிர்பார்த்தேன். “ஒண்ணப் புடிச்சுட்டு வாங்க, கண்ணப் பாக்கோணும்” என்றார். பண்ணைக்காரர் நிஜமாகவே ஒரு கோழியைப் பிடித்துவந்தார். ரத்தக்கா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கோழியின் இமையை இழுத்துப் பார்த்து, நீண்ட நேரம் யோசித்து, “இதுக்கு ரத்தம் இருக்குதுங்க. தூக்கம்தான் பத்தல” என்றார். டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது.

ஷெட்டில் தங்கராசு இடுப்பில் கை வைத்து நின்றிருந்தான். “வாங்க” என்று மட்டும் சொன்னான். செல்வி கடைக்குள்ளிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“பிஸ்டன் எங்கெ போச்சுன்னு காட்டுங்க பாக்கலாம்” என்றான்.

“மொதல்ல அந்த வடிகட்டிய அறுங்க” என்றார் ரத்தக்கா.

ஆயில் பில்டரைக் கழற்றி ரம்பத்தால் சுற்றி அறுத்தான். உள்ளே இருந்த மடிப்புக் காகிதத்தை உருவி, மேசைமேல் புடவைக் கொசுவம் பிரிப்பதுபோல் விரித்தான். வெயில் அதன்மேல் விழுந்தது. மடிப்புக்கு மடிப்பு பொன்னிறச் செதில்கள். ஜரிகை மாதிரி மின்னின.

தங்கராசுவின் முகத்தில் இருந்த வீறாப்பு அப்படியே வடிந்துபோனது. வெகுநேரம் அதையே பார்த்தான். பிறகு என்னிடம், “மாப்ள, உள்ள ஏறி உக்காரு. வண்டியக் கெளப்பாத. கிளட்ச்ச மட்டும் அமுத்து, உடு, அமுத்து” என்றான்.

நான் அழுத்தினேன். அவனும் ரத்தக்காவும் முன்னால் குனிந்து, எஞ்சினின் முன்பக்கப் புல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அழுத்தும்போதெல்லாம் அந்தப் புல்லி வெளியே நகர்ந்ததாம். விட்டால் உள்ளே போனதாம். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஆட்டம். இருக்கவே கூடாத ஆட்டம்.

“ஐயோ” என்றான் தங்கராசு. அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் முதல்முறையாகக் கேட்டேன்.

ஆயிலை வடித்து, காரைத் தூக்கி, எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றினான். படுத்தபடியே உள்ளே கையை விட்டு, பிறைநிலா வடிவத்தில் தகடு ஒன்றை எடுத்துவந்தான். எஞ்சினின் நடுத்தண்டு முன்னும் பின்னும் போகாமல் தடுக்கிற தகடு அது என்று விளக்கினான். செம்பு நிறம். அதன் ஒரு பக்கத்தில் ஆயில் ஓடுவதற்குக் கோடு கோடாகப் பள்ளம் இருந்தது. மறுபக்கம் மழமழவென்று இருக்க வேண்டியது, பிறாண்டி உரிந்து கிடந்தது.

“பள்ளம் இருக்கற பக்கம் தண்டப் பாத்து இருக்கோணும். இது திரும்பி உக்காந்திருக்குது. ஆயில் இல்லாத வெறுந் தகட்டுல தண்டு ஒரசி ஒரசி உரிச்சுப்போட்டுது.” தகட்டைத் துணியில் துடைத்தான். “இன்னுங் கொஞ்சம் ஓட்டியிருந்தா எஞ்சின் ரோட்டுலயே இறுகியிருக்கும் மாப்ள.”

“பிஸ்டன்?” என்று கேட்டார் ரத்தக்கா.

“பிஸ்டன் நல்லாத்தான் இருக்குதுங்க.”

“அப்பிடிங்களா” என்றார். அந்த நிலைமையிலும் அவர் முகம் கொஞ்சம் வாடியதை நான் கவனித்தேன்.

இதை யார் மாட்டியது என்று நான் கேட்கவில்லை. அவனே சொன்னான். “நான்தான் போட்டன். இந்த எடத்துல வேற ஆரையும் தொட உடமாட்டன். கை மட்டுந்தான் போகும், கண்ணு போவாது. தடவிப் பாத்துத்தான் போட்டன்.” தகட்டைக் கட்டைவிரலால் தடவினான். திருப்பித் தடவினான். மறுபடியும் தடவினான்.

நாங்கள் தகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரத்தக்கா மட்டும் அவன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாமி, கண்ண மூடிக்குங்க” என்றார். தகட்டை வாங்கிக் கையில் மறைத்துத் திருப்பிக் கொடுத்தார். “பள்ளம் எந்தப் பக்கம்?”

தங்கராசு தடவினான். “மேல் பக்கம்.”

கீழ்ப்பக்கம் இருந்தது. எனக்கும் செல்விக்கும் தெரிந்தது.  அவனுக்கு எங்கள் மௌனமே போதுமாக இருந்தது. 

“கண்ணத் தொறக்காதீங்க. ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கறன்” என்றார் ரத்தக்கா.

கோட்டுப் பையிலிருந்து ஊசியை எடுத்து, அவன் ஆள்காட்டி விரல் நுனியில் குத்தினார். அஸ்தம்பட்டியே அலறுகிற அதே குத்து. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். சிவப்பாக ஒரு முத்து எழும்பியது. தங்கராசு கண்ணை மூடியபடி நின்றான்.

“ம், குத்துங்க” என்றான்.

செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.  ரத்தக்கா அந்தச் சொட்டைச் சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவியில் தொட்டார். எண் வரவில்லை. அந்தக் கருவி அளக்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டால் வெறுமனே ‘ஹை’ என்று காட்டுமாம். ‘ஹை’ என்றுதான் காட்டியது.

“எத்தன நாளா வெரல் மரத்துக் கெடக்குது?”

“கொஞ்ச நாளாங்க” என்றான் தங்கராசு, கண்ணைத் திறந்து. “பொழப்பே இந்தக் கையிலதானுங்க. வெளிய சொன்னா ஆரு எஞ்சினக் குடுப்பாங்க?” செல்வியைப் பார்க்காமல் சொன்னான்.

“செருப்பக் கழட்டுங்க.”

“காலுக்கு ஒண்ணும் இல்லீங்க.”

“கழட்டுங்கன்னேன்.”

அதட்டலில் ஷெட்டே ஆடியது. கழற்றினான். ஸ்டூலில் உட்காரவைத்து, அவன் பாதத்தைத் தன் மடியில், அந்த வெள்ளைக் கோட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். கிரீஸைத் துடைத்தார். பெருவிரலுக்குக் கீழே ஒரு புண். புண்ணுக்கு நடுவே, லேத்தில் கடையும்போது சீவி விழுகிற இரும்புச் சுருள் ஒன்று சதைக்குள் புதைந்து, நுனி மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கருத்துப்போயிருந்தது.

“இது எப்ப ஏறுச்சு?”

“தெரியலீங்களே.” அவனும் அதை அப்போதுதான் பார்த்தான். “செருப்பு ஈரமா இருந்துது. ஆயில்னு நெனச்சன்.”

செல்வி, “என்னுங்க இது... என்னுங்க இது...” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.  காரின்மேல் சாய்ந்துகொண்டேன். காருக்குள் இருந்த செதிலைத் தேடித்தான் வந்தோம். இதை யார் எதிர்பார்த்தார்கள்?

ரத்தக்கா மட்டும் ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. காரை ஏற்றிவந்த வேன் இன்னும் வாசலில்தான் நின்றது. தங்கராசுவை அதன் முன்சீட்டில் ஏற்றினார், செல்வியைப் பக்கத்தில் உட்காரவைத்தார், தானும் இடித்துப்பிடித்து ஏறினார். “நடக்கறனுங்க, நல்லாத்தான் இருக்கறன்” என்று அவன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேன் மருத்துவமனைக்குப் பறந்தது. பிரித்துப்போட்ட எஞ்சினுக்குக் காவலாக நான் நின்றேன்.

காலில் ஒரு விரலை எடுக்க வேண்டிவந்தது. காலைக் காப்பாற்றிவிட்டார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே இருந்திருக்காது என்று டாக்டர் சொன்னதாக ரத்தக்கா பிறகு சொன்னார். அவர் சாயங்காலம் ஷெட்டுக்குத் திரும்பி வந்தபோது கோட்டில் கிரீஸும் ரத்தமும் அப்பியிருந்தன. பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து அழுதார். நான் பதறிப்போனேன். ஆறுதல் சொல்லத் தெரியாமல், “காபி சாப்பிடறீங்களாக்கா?” என்றேன். “சக்கர இல்லாம” என்றார், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரில் பள்ளிபாளையம் போனோம். ரத்தக்காவும் வந்தார். வளையல் அடுக்கிய கையோடு என் தங்கை காரில் ஏறப்போகும்போது, “இருங்க சாமி” என்று அவளைத் தடுத்துவிட்டு, டிரைவரிடம் மூடியைத் திறந்து ஆயில் கம்பியைக் காட்டச் சொன்னார். டிரைவர் திருதிருவென்று விழித்தார். ரத்தக்கா அதைப் பஞ்சில் துடைத்து, வெயிலில் பார்த்து, சரி என்று தலையாட்டிய பிறகுதான் என் தங்கையை ஏறவிட்டார். பத்திரமாக வந்துசேர்ந்தோம். அடுத்த மாதம் பெண் குழந்தை பிறந்தது.

என் கார் வெகுநாள் ஷெட்டிலேயே கிடந்தது. வேறு யாரிடமாவது கொடுத்துவிடு என்று அலுவலகத்தில் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. தங்கராசு கம்பூன்றி நடக்க ஆரம்பித்ததும் வேலையைத் தொடங்கினான். நடுத்தண்டைக் கழற்றி, பிறாண்டியிருந்த இடத்தைப் பட்டறையில் சரிசெய்து, ஆயில் ஓடுகிற ஒவ்வொரு துவாரத்தையும் கழுவிக் காற்றடித்து, ஒரு செதில்கூட மிச்சமில்லாமல் சுத்தம் செய்தார்கள். தகட்டை மாட்டும் நாளில் எங்களையும் வரச்சொல்லியிருந்தான்.

காருக்கு அடியில் படுத்திருந்தது செல்வி. பக்கத்தில் பலகைபோட்டு உட்கார்ந்து தங்கராசு சொல்லிக்கொண்டிருந்தான்.

“தடவிப் பாரு. பள்ளம் எந்தப் பக்கம்?”

“தண்டப் பாத்து இருக்குதுங்க.”

“நல்லாத் தடவு.”

“ஏனுங்க, என்ர வெரலு நல்லாத்தான் இருக்குது. நீங்க பேசாத இருங்க” என்று உள்ளிருந்து பதில் வந்தது.

தங்கராசு சிரித்துவிட்டான். அந்த ஷெட்டில் இன்றும் அந்த வேலையைச் செல்விதான் பார்க்கிறாள். லாரிக்காரர்கள் அவளைத் தேடி வருகிறார்கள். தங்கராசு பெருமையாக, “ரெண்டு பேரும் சேந்து ஒரு மெக்கானிக்” என்று சொல்லிக்கொள்கிறான். அடக்கம் இன்னும் வரவில்லை.

போன வருடம் ரத்தக்கா நிலையத்தை மூடிவிட்டு, தனியாகிவிட்ட தன் தம்பிக்குத் துணையாகத் திருச்செங்கோட்டுக்குப் போய்விட்டார். கிளம்புகிற அன்று தெருவே வாசலில் நின்றது.

நாமக்கல்லிலிருந்து சேலத்துக்கு ராசிபுரம் வழியாக நேர் சாலை இருக்கிறது. சனிக்கிழமைகளில் நான் திருச்செங்கோடு சுற்றித்தான் வீடு வருகிறேன். ஏன் இவ்வளவு நேரம் என்று என் மனைவி கேட்பதில்லை. “அக்கா சாப்பிட்டாங்களா?” என்றுதான் கேட்கிறாள்.